பதினாறு தங்கம் எப்படி வந்தது? பெய்ஜிங்கில் நோர்வே: திருகோணமலையிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

2022 பெப்ரவரி 4ஆம் திகதி முதல் 20ஆம் திகதி வரை பெய்ஜிங்கில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் நோர்வே 16 தங்கம், 8 வெள்ளி, 13 வெண்கலம் என 37 பதக்கங்களோடு முதலிடத்தைப் பிடித்தது. நோர்வேயின் வடகரையில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்துவிட்டு, ஓய்வுபெற்று உப்புவெளிக்குத் திரும்பியவன் நான். இந்த வெற்றியைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒருநாள் உட்கார்ந்து பதில் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். மின்வெட்டு விட்ட நேரத்தில் எழுதியவை இவை.

கிண்ணியாவிலிருந்து ஓர் ஆசிரியர்: சேர், எங்கள் நாட்டின் சனத்தொகையில் கால்பங்குதான் நோர்வேக்கு. அமெரிக்காவையும் ஜேர்மனியையும் அது எப்படி முந்துகிறது?

நல்ல கேள்வி. ஆனால் பதக்கப் பட்டியலை நம்பி மயங்குவதற்கு முன்னர் அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். பெய்ஜிங்கில் மொத்தம் 109 போட்டிகள். அவற்றில் நெடுந்தூரப் பனிச்சறுக்கில் 12, பயத்லானில் 11. நோர்வேயின் 37 பதக்கங்களில் 22 இந்த இரண்டிலிருந்தும் வந்தவை. 16 தங்கத்தில் 11 இவற்றுக்கே உரியவை. இந்த இரண்டு விளையாட்டிலும் ஒரே ஆள் நான்கைந்து போட்டிகளில் இறங்கலாம். யோஹானஸ் திங்னெஸ் போ என்ற ஒருவர் மட்டும் நான்கு தங்கமும் ஒரு வெண்கலமும் எடுத்தார். மார்த்தே ஓல்ஸ்பு ரொய்செலண்ட் மூன்று தங்கம், இரண்டு வெண்கலம். ஐஸ் ஹொக்கியில் இருபத்தைந்து பேர் இரண்டு வாரம் மோதி வென்றாலும் பட்டியலில் விழுவது ஒரே ஒரு தங்கம்.

ஆகவே எந்த விளையாட்டில் பதக்கம் கூட இருக்கிறதோ அதில் நோர்வே வல்லது. அது அதிர்ஷ்டமும்தான், திறமையும்தான். திட்டமிட்டுப் பிடித்த விளையாட்டுகள் அல்ல. அங்கே ஊர்ச் சனம் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்தவை. இரண்டாம் இடம் பெற்ற ஜேர்மனிக்கு 12 தங்கம், போட்டியை நடத்திய சீனாவுக்கு 9. ஒரே குளிர்கால ஒலிம்பிக்கில் ஒரு நாடு 16 தங்கம் வெல்வது இதுவே முதல்முறை. அதற்கு முன்னர் 14தான் உச்சம்: 2010இல் கனடா, 2018இல் நோர்வேயும் ஜேர்மனியும்.

மூதூரிலிருந்து ஒரு மாணவி: மாமா, பயத்லான் என்றால் என்ன? துப்பாக்கியைச் சுமந்துகொண்டு ஏன் ஓடுகிறார்கள்?

பனிச்சறுக்கும் துப்பாக்கிச் சூடும் சேர்ந்த போட்டி, பிள்ளை. முதுகில் குறைந்தது மூன்றரைக் கிலோ எடையுள்ள துப்பாக்கி. மூச்சு முட்ட மேட்டில் ஏறி, இறங்கி, சுடும் இடத்துக்கு வந்து நிற்க வேண்டும். ஐம்பது மீற்றர் தூரத்தில் ஐந்து கறுப்பு வட்டங்கள். படுத்துச் சுடும்போது வட்டத்தின் விட்டம் 4.5 சென்ரிமீற்றர், நின்று சுடும்போது 11.5. இதயம் நெஞ்சுக்கூட்டை இடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் விரலை மட்டும் அசையாமல் வைத்திருக்க வேண்டும். பெரும்பாலான போட்டிகளில் ஒரு குறி தவறினால் 150 மீற்றர் வட்டப் பாதையில் ஒரு சுற்றுக் கூடுதலாக ஓட வேண்டும். இருபது விநாடிக்கு மேல் போய்விடும். தனிநபர் நீண்ட போட்டியில் சுற்று இல்லை, தவறிய ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடத்தைக் கணக்கில் கூட்டிவிடுவார்கள்.

பெய்ஜிங்கில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஓடிய கலப்பு அஞ்சலோட்டத்தில் நோர்வே பிரான்ஸை முந்தியது 0.9 விநாடியில். நான்கு பேர் ஓடி, எட்டு முறை சுட்டு, கடைசியில் ஒரு விநாடிகூட இல்லை வித்தியாசம்.

பாலையூற்றிலிருந்து: முன்னிலையில் ஓடிய நோர்வே வீரர் வழி தவறிப் போனார் என்று கேள்விப்பட்டேன். உண்மையா, கட்டுக்கதையா?

உண்மை. என்னைக் கேட்டால் இந்த ஒலிம்பிக் முழுவதிலும் பார்க்க வேண்டிய ஓட்டம் அதுதான்.

நோர்டிக் கொம்பைண்ட் என்று ஒரு போட்டி இருக்கிறது. முதலில் உயரமான சரிவிலிருந்து பனித்தாவல். தாவலில் பெற்ற புள்ளி வித்தியாசத்தை விநாடியாக மாற்றுவார்கள். ஒரு புள்ளிக்கு நான்கு விநாடி. முதலாமவர் முதலில் புறப்படுவார், மற்றவர்கள் தங்கள் பின்னடைவுக்கு ஏற்பப் பின்னால். பிறகு பத்துக் கிலோமீற்றர் பனிச்சறுக்கு. எல்லைக் கோட்டை முதலில் தாண்டுபவர் வெற்றியாளர். புரிந்துகொள்ள இவ்வளவு எளிய புள்ளிமுறை வேறு எந்தப் பனி விளையாட்டிலும் இல்லை.

இந்தப் போட்டியில் அன்றைய மன்னன் யார்ல் மாக்னுஸ் ரீபர். பெய்ஜிங்கில் இறங்கியதும் கொரோனாத் தொற்று என்று சொல்லி அவரை அறையில் அடைத்துவிட்டார்கள். முதல் போட்டி அவர் இல்லாமலே நடந்தது. இரண்டாவது போட்டிக்குச் சற்று முன்னர்தான் வெளியே விட்டார்கள். 15ஆம் திகதி தாவினார், எல்லாரையும்விடத் தூரம். 44 விநாடி முன்னிலையோடு ஓட்டத்துக்குப் புறப்பட்டார். முதல் சுற்றிலேயே பாதை பிரியும் இடத்தில் தவறான பக்கம் திரும்பிவிட்டார். பிழையை உணர்ந்து திரும்பி வருவதற்குள் முன்னிலையில் பெரும்பகுதி போய்விட்டது. நாட்கணக்காக அறைக்குள் கிடந்த உடம்பு. மற்றவர்கள் பிடித்ததும் கால் விட்டுக்கொடுத்துவிட்டது. எட்டாம் இடம்.

அதே ஓட்டத்தில், இரண்டு நிமிடம் ஏழு விநாடி பின்னால் பன்னிரண்டாவதாகப் புறப்பட்ட யோர்கன் கிராபக் என்ற இன்னொரு நோர்வேக்காரர் ஒவ்வொருவராகப் பிடித்து, கடைசி மீற்றர்களில் தன் நாட்டுக்காரரான யென்ஸ் லூராஸ் ஓஃப்டெப்ரோவை 0.4 விநாடியில் தாண்டித் தங்கம் வென்றார். ரீபர் தோற்றும் தங்கமும் வெள்ளியும் நோர்வேக்கே போயின. ஓர் ஆள் விழுந்தால் அடுத்த ஆள் நிற்கிறான். கிண்ணியா ஆசிரியர் கேட்ட கேள்விக்கு இதுவும் ஒரு பதில்.

தம்பலகாமத்திலிருந்து: அந்தப் போட்டியில் பெண்கள் இல்லையா?

இல்லை. குளிர்கால ஒலிம்பிக்கில் பெண்களுக்கு இடம் தராத ஒரே விளையாட்டு நோர்டிக் கொம்பைண்ட். பெண்கள் உலகக் கிண்ணத் தொடரில் போட்டியிடுகிறார்கள், ஒலிம்பிக்கில் மட்டும் கதவு அடைப்பு. வெட்கக்கேடு.

நிலாவெளியிலிருந்து: நோர்வேக்காரர் சுத்தமானவர்கள் என்று பெருமை பேசுகிறீர்களே, அண்ணா. பெய்ஜிங்கில் நெடுந்தூரப் பனிச்சறுக்கில் மூன்று தங்கம் வென்ற தெரேசே யோஹாவ் ஊக்கமருந்துக்காகத் தடை செய்யப்பட்டவர்தானே?

ஆம், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. 2016இல் அவருடைய பரிசோதனையில் குளோஸ்டெபோல் என்ற தடைசெய்யப்பட்ட பொருள் கண்டுபிடிக்கப்பட்டது. வெயிலில் வெடித்த உதட்டுக்கு அணியின் மருத்துவர் கொடுத்த களிம்பில் அது இருந்தது. களிம்புப் பெட்டியிலேயே எச்சரிக்கை அச்சிட்டிருந்தது. பதினெட்டு மாதத் தடை. 2018 ஒலிம்பிக் அவருக்கு இல்லாமற்போனது. வேண்டுமென்று செய்யவில்லை என்பதை விசாரித்தவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். ஆனாலும் பெட்டியைப் படிக்கவில்லை என்பது குற்றம்தான், தண்டனை நியாயம்தான் என்பது என் கட்சி.

பெய்ஜிங்கில் 5ஆம் திகதி அந்த ஒலிம்பிக்கின் முதலாவது தங்கத்தையே அவர்தான் எடுத்தார். பத்துக் கிலோமீற்றரில் 0.4 விநாடியில் தப்பினார். முப்பது கிலோமீற்றரில் இரண்டாவதாக வந்தவருக்கும் அவருக்கும் ஒரு நிமிடம் நாற்பத்துமூன்று விநாடி இடைவெளி. காற்று அடித்துக்கொண்டிருந்தது, தொடக்கத்திலேயே தனியாகப் பிரிந்து போனவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் பெண்கள் அஞ்சலோட்டத்தில் அவர் இருந்தும் நோர்வே ஐந்தாம் இடம்தான்.

நகரிலிருந்து ஒரு தாய்: அங்கே பிள்ளைகளுக்கு எத்தனை வயதில் பயிற்சியைத் தொடங்குகிறார்கள்? என் மகனை இப்போதே ஒரு பயிற்றுநரிடம் விடலாமா?

அக்கா, இந்தக் கேள்விக்காகத்தான் நான் இதையெல்லாம் எழுத ஒப்புக்கொண்டேன்.

நோர்வேயின் விளையாட்டுச் சம்மேளனம் 1987ஆம் ஆண்டிலிருந்தே சிறுவர் விளையாட்டுக்கென்று விதிகள் வைத்திருக்கிறது. பிள்ளைக்குப் பதினொரு வயதாகும் ஆண்டு வரை போட்டி முடிவுகளைத் தரவரிசைப்படுத்தி வெளியிடக் கூடாது. பன்னிரண்டு வயது வரை பரிசு கொடுத்தால் ஓடிய எல்லாருக்கும் கொடுக்க வேண்டும். பதின்மூன்று வயதாகும் ஆண்டு வரை தேசியச் சாம்பியன் போட்டிகளில் இறங்க முடியாது. எதை விளையாடுவது, எவ்வளவு விளையாடுவது என்பதில் பிள்ளையின் விருப்பத்துக்கு இடம் உண்டு. விதியை மீறும் கழகம் தண்டனையை எதிர்பார்க்கலாம்.

நான் இருந்த ஊரில் சனிக்கிழமைப் பனிச்சறுக்கு ஓட்டம் பார்த்திருக்கிறேன். ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் நெஞ்சில் இலக்கத் துணி கட்டிக்கொண்டு ஒவ்வொருவராகப் புறப்படுவார்கள். பாதி வழியில் ஒருத்தி நின்று கையுறையைக் கழற்றிப் பனியைத் தின்பாள். ஒருவரும் கத்த மாட்டார்கள். எல்லைக் கோட்டில் எல்லாருக்கும் ஒரே மாதிரிச் சின்னக் கிண்ணமும் ஒரு கோப்பைச் சூடான பழச்சாறும். பாதையைச் செப்பனிட்டவர், நேரம் குறித்தவர், சாறு ஊற்றியவர் எல்லாரும் பெற்றோர், சம்பளம் இல்லை. எங்கள் கோயில் சிரமதானம் போலத்தான். அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் வீரர்களாவதில்லை. ஆனால் பதினைந்து வயதிலும் விளையாட்டை விடாமல் இருக்கிறார்கள். பெரிய வீரர்களைத் தேர்ந்தெடுப்பது அதற்குப் பிறகு.

இங்கே ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பத்து வயதுப் பிள்ளையைப் பிழிகிறோம். வெட்டுப்புள்ளி வந்ததும் அயல்வீட்டுப் பிள்ளையின் புள்ளியோடு ஒப்பிடுகிறோம். பள்ளி இல்ல விளையாட்டுப் போட்டியிலும் முதல் மூவருக்குத்தான் மேடை. உங்கள் மகனைக் கடற்கரையில் பந்தடிக்க விடுங்கள், நீந்த விடுங்கள், மரம் ஏற விடுங்கள். பயிற்றுநர் பிறகு வரட்டும்.

அன்புவழிபுரத்திலிருந்து: எண்ணெய்ப் பணம் இருக்கிறது, வெல்கிறார்கள். இதில் என்ன வியப்பு?

1988 கல்கரி ஒலிம்பிக்கின்போதும் எண்ணெய் இருந்தது, தம்பி. வென்றது ஒரு தங்கமும் இல்லை. மூன்று வெள்ளி, இரண்டு வெண்கலம். அந்த அவமானத்துக்குப் பிறகுதான் ஒலிம்பியாதொப்பன் என்ற மைய அமைப்பை உருவாக்கி, எல்லா விளையாட்டுகளின் பயிற்றுநர்களையும் உடலியல் அறிஞர்களையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தார்கள். ஒரு துறை கண்டுபிடித்ததை அடுத்த துறை கற்றுக்கொண்டது. ஆறு ஆண்டு கழித்துச் சொந்த மண்ணில், லில்லெஹம்மரில், பத்துத் தங்கம். பணம் வேண்டும்தான், அரச லொத்தர் வருமானத்தில் ஒரு பங்கு விளையாட்டுக்குப் போகிறது. ஆனால் ஒலிம்பிக்கில் பதக்கம் வென்றவருக்கென்று அவர்களின் ஒலிம்பிக் குழு பணப்பரிசு தருவதில்லை.

சாம்பல்தீவிலிருந்து: நாங்கள் கிரிக்கெட் பார்ப்பது போல அவர்கள் பனிச்சறுக்குப் பார்ப்பார்களா?

பார்ப்பார்கள், ஆனால் பட்டாசு கொளுத்த மாட்டார்கள். 1994இல் லில்லெஹம்மரில் ஆண்கள் அஞ்சலோட்டம், இத்தாலியோடு இறுதிவரை இழுபறி. தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் மீன் வெட்டும் இயந்திரப் பட்டியை நிறுத்தினார். எல்லாரும் கையுறையோடும் கத்தியோடும் உணவறைத் தொலைக்காட்சிக்கு முன்னால் நின்றோம். கடைசி ஆளாக ஓடிய பியோர்ன் டேலி 0.4 விநாடியில் தோற்றார். ஒருவர்கூட ஒரு வார்த்தை பேசவில்லை. மேற்பார்வையாளர் போய்ப் பட்டியைத் திரும்ப ஓட விட்டார். நான்கு ஆண்டு கழித்து ஜப்பானின் நாகானோ ஒலிம்பிக்கில் அதே இத்தாலியை 0.2 விநாடியில் வென்றபோதும் ஏறக்குறைய அதே அமைதிதான். ஆனால் அன்று மத்தியானம் கேக் வந்தது.

சீனக்குடாவிலிருந்து: பனியே இல்லாத எங்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

பெய்ஜிங்கிலும் பனி இல்லை. சறுக்குப் பாதைகளில் இருந்தது ஏறக்குறைய முழுவதும் இயந்திரம் தூவிய செயற்கைப் பனி. குளிரும் காற்றும் இருந்தன, மழையளவு குறைவு. பனி பெய்யும் நாடு என்பதற்காகப் பதக்கம் விழுந்துவிடுவதும் இல்லை. இமயமலையையே வைத்திருக்கும் இந்தியாவுக்குக் குளிர்கால ஒலிம்பிக்கில் இன்னும் ஒரு பதக்கம் இல்லை. பெய்ஜிங்குக்கு அங்கிருந்து போன ஒரே வீரர் காஷ்மீரின் ஆரிப் கான், மலைச்சரிவில் கம்பங்களைச் சுற்றி வளைந்து இறங்கும் ஜயன்ட் சிலாலம் போட்டியில் 45ஆம் இடம். அந்தச் சரிவில் கீழே வந்து சேராமல் போனவர்கள் பலர்; ஆகவே அதைக் குறைவாகச் சொல்ல மாட்டேன். இலங்கை இதுவரை குளிர்கால ஒலிம்பிக்கில் கலந்துகொண்டதில்லை.

அதே இடத்திலிருந்து, அவருடைய மகன்: மாமா, நான் பழக முடியுமா?

முடியும், தம்பி. நோர்வே வீரர்களே கோடையில் தார்ச் சாலையில்தான் பழகுகிறார்கள். சில்லு வைத்த குட்டைச் சறுக்குப் பலகை, இரண்டு கைத்தடி, தலைக்கவசம். இந்தியாவின் சிவ கேசவன் சில்லு பூட்டிய சறுக்குவண்டியில் இமயமலைச் சாலைகளில் பழகி ஆறு ஒலிம்பிக் கண்டார். ஆனால் நிலாவெளி வீதியில் வேண்டாம். பஸ்காரர்கள் உன்னைப் பார்த்து வேகத்தைக் குறைப்பார்கள் என்று நினைக்காதே. வாகனம் இல்லாத இடம் பார்த்து, விடியற்காலையில், அப்பாவையும் கூட்டிக்கொண்டு போ.

மூதூர் மாணவி மீண்டும்: பெய்ஜிங்குக்கு அடுத்த குளிர்கால ஒலிம்பிக் எப்போது, எங்கே?

2026 பெப்ரவரி, இத்தாலியின் மிலானிலும் கோர்ட்டினாவிலும். எங்கள் நேரம் இத்தாலியைவிட நாலரை மணித்தியாலம் முன்னால். அங்கே காலை பத்து மணிக்குத் தொடங்கும் ஓட்டம் இங்கே பிற்பகல் இரண்டரைக்கு. பள்ளி விட்டு வந்து பார்க்கலாம், மின்சாரம் இருந்தால்.