மணல் போகும் வழியில் மாறி மாறி வரும் எல்லைகள்

கடலரிப்பு பற்றிச் சென்ற இதழில் வெளியான குறிப்பைப் படித்துவிட்டுக் கரையோர வாசகர்கள் பலர் எழுதியிருந்தார்கள். அவர்களுள் நால்வரின் கேள்விகளுக்கு இம்முறை பதில் சொல்கிறோம்.

கேள்வி: இருபது ஆண்டுகளுக்கு முன்பு நாங்கள் கரைவலை இழுத்த இடம் இன்று கடலுக்குள் இருக்கிறது. புதுச்சேரித் துறைமுகம்தான் காரணம் என்று ஊர்ப் பெரியவர்களும், பருவநிலை மாற்றம்தான் காரணம் என்று வேறு சிலரும் சொல்கிறார்கள். எதை நம்புவது?
— ஒரு வாசகர், கோட்டக்குப்பம்

பதில்: இரண்டும் உண்மைதான். ஆனால், காலவரிசைப்படி பார்த்தால் பெரியவர்கள் சொல்வதே முதலில் வருகிறது.

சோழமண்டலக் கரையில் மணல் ஓரிடத்தில் தங்குவதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அலைகள் தெற்கிலிருந்து சாய்வாக வந்து கரையில் மோதுவதால் மணல் வடக்கு நோக்கி நகர்கிறது. மீனவர்கள் ‘தெண்டி’ என்று சொல்லும் நீரோட்டம் போகும் திசையும் அதுவே. வாடைக்காற்றுக் காலத்தில் அந்த மணலில் ஒரு பகுதி தெற்கே திரும்பினாலும், ஆண்டுக் கணக்கில் கூட்டிக் கழித்துப் பார்த்தால் லட்சக்கணக்கான கன மீட்டர் மணல் வடக்கே போய்க்கொண்டிருக்கிறது. 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் புதுச்சேரித் துறைமுகத்துக்கான அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தபோது, இந்தப் பயணம் அங்கேயே தடைபட்டது. சுவருக்குத் தெற்கே மணல் குவிந்தது. வடக்கே நகரத்தின் கடற்கரை சில ஆண்டுகளிலேயே காணாமல் போனது. தேங்கும் மணலை எடுத்து வடக்கே சேர்க்கும் வேலை ஆண்டுதோறும் தவறாமல் நடந்திருக்க வேண்டும். அது முறையாக நடக்கவில்லை. நகரத்தைக் காக்கக் கருங்கல் கொட்டினார்கள். கல் முடிந்த இடத்தில் அரிப்பு தொடங்கியது. வைத்திக்குப்பம், சோலை நகர் என்று நகர்ந்து, எல்லையைக் கடந்து, தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்துக்குள் வந்து சேர்ந்தது.

பருவநிலை மாற்றம் இதன்மேல் வந்து சேரும் சுமை. 1901 முதல் 2018 வரை உலகளவில் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. 2006க்குப் பிறகு அது ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் என்ற வேகத்தில் உயர்கிறது. புயல் அடித்தால் கரை கரைவது புதிதல்ல. 2011 டிசம்பரில் தானே புயலும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலும் இந்தக் கரையைத் தாக்கின. முன்பெல்லாம் புயல் கொண்டுபோன மணலை அடுத்து வரும் மாதங்களில் கடலே திருப்பிக் கொடுத்துவிடும். மணல் வரத்து அறுந்துபோன கரையில் திருப்பிக் கொடுக்க எதுவும் இல்லை என்பதால், ஒவ்வொரு புயலின் இழப்பும் நிரந்தரமாகிவிடுகிறது. தந்திராயன்குப்பத்தில் ஒருமுறை நான் பார்த்த காட்சி இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை: ஒரு வீட்டின் கொல்லைப்புறத்தில் இருந்த கிணற்றின் சிமெண்ட் உறைகள், சுற்றியிருந்த மண் முழுவதும் போய்விட்ட நிலையில், அலைகளுக்கு நடுவே ஆளுயரத்துக்குத் தனியாக நின்றுகொண்டிருந்தன. மேல் உறையில் வாளிக்கயிறு உராய்ந்த தடம் அப்படியே இருந்தது.

கேள்வி: எங்கள் ஊருக்கும் தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிப் போடும் கல் சுவர்) வேண்டும் என்று மனு கொடுத்திருக்கிறோம். அது வந்தால் பிரச்சினை தீருமா?
— ஒரு வாசகர், பொம்மையார்பாளையம்

பதில்: உங்கள் ஊருக்குச் சில ஆண்டுகள் மூச்சுவிட அவகாசம் கிடைக்கலாம். அதற்கான விலையை வடக்கே இருக்கும் ஊர் கொடுக்கும். தூண்டில் வளைவு புதிதாக மணலை உண்டாக்குவதில்லை; போகிற மணலைப் பிடித்து வைக்கிறது. உங்களுக்கு வடக்கே இருக்கும் பிள்ளைச்சாவடி மீண்டும் புதுச்சேரிக்கு உட்பட்ட பகுதி. காலாப்பட்டைத் தாண்டினால் மறுபடியும் தமிழ்நாடு. இருபது கிலோமீட்டருக்குள் நிர்வாகம் இப்படி மாறி மாறி வரும் கரையில், ஒவ்வோர் அரசும் தன் பகுதிக்கு மட்டும் கல் போட்டால், அரிப்பு ஓர் அரசிடமிருந்து இன்னோர் அரசுக்குக் கைமாறுமே தவிர நிற்காது. வீடு இடிந்துகொண்டிருக்கும்போது கல் கேட்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கையில் கிடைக்கும் ஒரே மருந்தாக அதைத்தானே நாற்பது ஆண்டுகளாக அவர்களுக்குக் காட்டியிருக்கிறோம். கல் வந்த பிறகு ஃபைபர் படகை ஏற்றி வைக்க மணல் இருக்காது, கரைவலை இழுக்க இடம் இருக்காது, பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறி வரவும் முடியாது என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

வேறு வழி இருக்கிறது. சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் புதுச்சேரி நகரக் கடற்கரைக்கு முன்னால் நீரில் மூழ்கிய செயற்கைத் திட்டு ஒன்றை 2018இல் அமைத்தது. முகத்துவாரத்தில் தூர்வாரிய மணலும் கரையில் கொட்டப்பட்டது. தலைமைச் செயலகத்துக்கு எதிரே பல ஆண்டுகளாகக் கல் மட்டும் தெரிந்த இடத்தில் மணல் திரும்பி வந்தது, மக்களும் இறங்கி நடந்தார்கள். ஆனால் அந்த மணல் எல்லைக்கு வடக்கே உள்ள ஊர்களுக்கும் வந்து சேர வேண்டுமென்றால், தூர்வாரும் அளவையும் கொட்டும் இடத்தையும் இரண்டு அரசுகளும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: சேர்ந்து முடிவு செய்வதைத் தடுப்பது எது? சட்டமா?
— ஒரு வாசகி, கடலூர்

பதில்: சட்டம் தடுக்கவில்லை, கட்டாயப்படுத்தவும் இல்லை. கரையோரத்தில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று சொல்லும் மத்திய அரசின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991இல் வந்தது. 2011லும் 2019லும் புதிதாக எழுதப்பட்டது. அறிவிக்கை நாடு முழுவதற்கும் ஒன்று என்றாலும், அதை நடைமுறைப்படுத்தும் கடற்கரை மண்டல மேலாண்மை ஆணையம் தமிழ்நாட்டுக்குத் தனி, புதுச்சேரிக்குத் தனி. வரைபடங்களும் அப்படியே. கரைக்கு அருகிலுள்ள கடலில் மீன்வளம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது; பெருந்துறைமுகம் அல்லாத துறைமுகங்கள் பொதுப்பட்டியலில் இருக்கின்றன. ஒரு துறைமுகத்துக்கு அனுமதி கொடுக்கும்போது எல்லைக்கு அப்பால் இருக்கும் மீனவக் கிராமத்தைக் கேட்டாக வேண்டிய பொறுப்பு இவற்றுள் எவருக்கும் தெளிவாக இல்லை என்பதே என் குறை. மணல் எங்கிருந்து எங்கு வரை ஒரே தொகுதியாக நகர்கிறது என்பதை நம் விஞ்ஞானிகள் வரையறுத்திருக்கிறார்கள். திட்டமும் நிதியும் அந்தத் தொகுதியின் அளவுக்கு வகுக்கப்பட வேண்டுமே தவிர, மாவட்ட எல்லையின் அளவுக்கு அல்ல.

நாடுகளுக்கு இடையிலும் இதே சிக்கல்தான். பாக் நீரிணையில் கடல் அட்டையைப் பிடிப்பதை இந்தியா 2001இல் முற்றிலும் தடை செய்தது. அதே நீரிணையின் மறுகரையில் இலங்கை உரிமம் கொடுத்து அனுமதிக்கிறது. விசைப்படகால் கடலடியை வாரி இழுக்கும் வலையான இழுவைமடியை இலங்கை 2017இல் தடை செய்தது. நம் கரையிலிருந்து அது இன்றும் போகிறது. இரண்டு கரைகளிலும் தமிழ் பேசும் மீனவர்களே இதன் சுமையைத் தாங்குகிறார்கள். மாறாக, வட ஐரோப்பாவில் டென்மார்க், ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய மூன்று நாடுகளுக்கும் பொதுவான வாடன் கடலின் சேற்றுச் சமவெளிக்காக அந்த அரசுகள் 1978 முதல் கூடிப் பேசி, 1982இல் கூட்டறிக்கை வெளியிட்டு, 1987இல் பொதுச் செயலகமும் அமைத்தன. 1988இல் கொள்ளைநோய் வந்து கடல்நாய்கள் மூன்று நாடுகளின் கரைகளிலும் செத்து ஒதுங்கிய பிறகு அவற்றுக்கெனத் தனி உடன்படிக்கையும் செய்துகொண்டன. இன்று அங்கே மூன்று நாடுகளும் ஒரே முறையில் அளக்கின்றன. எதிரெதிர் அளவுகளை வைத்துக்கொண்டு வாதாடிக்கொண்டிருக்கும் நமக்கு அதுவே முதற்படியாக இருக்க முடியும்.

கேள்வி: ஒரு சாதாரண மீனவர் இதில் என்ன செய்ய முடியும்?
— ஒரு வாசகர், மரக்காணம்

பதில்: கடற்கரை மண்டல வரைவுத் திட்டம் மக்கள் கருத்துக்கு வரும்போது, உங்கள் ஊரின் படகுத்துறையும் வலை காயப்போடும் இடமும் குடியிருப்பும் வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள், விடுபட்டிருந்தால் எழுத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். 2011 அறிவிக்கையின்படி அமைந்த மாவட்டக் கடற்கரைக் குழுவில் பாரம்பரியக் கடலோரச் சமூகத்தினர் குறைந்தது மூவர் இருக்க வேண்டும். உங்கள் மாவட்டத்தில் அவர்கள் யார் என்று ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அசையாத ஓர் இடத்திலிருந்து, கோயில் மதிலோ பள்ளிச் சுவரோ எதுவானாலும் சரி, அலை ஏறும் இடம் வரை மாதம் ஒருமுறை கயிறு பிடித்து அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். அதே நாளில் தெற்கே உள்ள ஊரிலும் வடக்கே உள்ள ஊரிலும் அளக்கச் சொல்லுங்கள். அந்த ஊர்களுள் ஒன்று புதுச்சேரியில் இருந்தால் இன்னும் நல்லது.