அப்பா சொன்ன கேள்வி

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் வளர்ந்தவள் நான். கணக்கியலில் பட்டம் பெற்றிருக்கிறேன். அடுத்த வாரம் ஈப்போவில் ஒரு தணிக்கை அலுவலகத்தில் நேர்முகத் தேர்வு. கடைசியில், “நீங்கள் ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா?” என்கிறார்கள். முன்பு இரண்டு இடங்களில் “இல்லை” என்று சொல்லிவிட்டு வந்தேன், வேலை கிடைக்கவில்லை. இந்த முறை இணையத்தில் தேடிப் பன்னிரண்டு கேள்விகளை மனப்பாடம் செய்திருக்கிறேன். வீட்டில் உதவ யாரும் இல்லை. அப்பா செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை வெட்டுபவர். “அந்த வேலையை முன்பு பார்த்தவர் ஏன் போனார் என்று கேள்” என்றார். “இது எஸ்டேட் இல்லை அப்பா” என்று சொல்லிவிட்டேன். பன்னிரண்டில் எவற்றைக் கேட்கலாம்? (பெயர் வேண்டாம்)

பதில்: மகளே, “வீட்டில் உதவ யாரும் இல்லை” என்று எழுதிவிட்டு, அடுத்த இரண்டே வரிகளில் உன் கடிதத்திலேயே மிகச் சிறந்த கேள்வியை எழுதியிருக்கிறாய். அதைச் சொன்னவரின் வாயையும் அடைத்திருக்கிறாய். எனக்குக் கோபம் வந்தது. மறைக்கப் போவதில்லை.

உன் அப்பா அதை ஏன் சொன்னார் என்று ஒரு நிமிடமாவது யோசித்தாயா? குலை வெட்டுபவரின் கூலி எடையைப் பொறுத்தது. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஒரு புதிய பகுதியைக் காட்டி “நாளை முதல் இது உனக்கு” என்றால், விவரம் தெரிந்தவர் உடனே கத்தியைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. இதற்கு முன் இங்கே வெட்டியவர் யார், ஏன் விட்டார் என்று விசாரிப்பார். மேடா, சதுப்பா? மரம் முதிர்ந்து கைக்கோல் எட்டாத உயரமா? குலையைச் சாலை வரை கொண்டுவர எவ்வளவு தூரம்? விசாரிக்காமல் இறங்கினால் மாதக் கடைசியில் அரிசி வாங்கும் பணத்தில் அது தெரியும். அந்த அரிசியைச் சாப்பிட்டுத்தான் நீ படித்தாய்.

உன் பன்னிரண்டில் முதலாவது, “நிறுவனத்தின் தொலைநோக்கு என்ன?” என்பதாகத்தான் இருக்கும். அது அவர்களுடைய இணையத்தளத்திலேயே இருக்கிறது. கேட்டால், படிக்காமல் வந்தவள் என்று தெரிந்துவிடும். அந்தத் தாளை மடித்து வைத்துவிடு.

அப்பாவின் கேள்வியை அலுவலக மொழியில் இப்படிக் கேள்: “இது புதிதாக உருவாக்கிய பொறுப்பா, அல்லது ஒருவர் விட்டுச் சென்ற இடமா?” விட்டுச் சென்ற இடம் என்றால், “அவர் இங்கேயே பதவி உயர்ந்தாரா?” என்று கேள். பிறகு பேசாமல் இரு. “ஆமாம், இப்போது அவர்தான் குழுத் தலைவர்” என்று வந்தால் நல்லது. எதிரே இருக்கும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டால் அதுவும் பதில்தான். ஓராண்டில் மூன்று பேர் போன நாற்காலியில் நீ நான்காவதாக உட்காரப் போகிறாயா என்பது உனக்குத் தெரிந்தாக வேண்டும்.

இன்னொன்றும் தோட்டத்திலிருந்தே வருகிறது. எடையை யார் பார்க்கிறார், பழுக்காத குலைக்கு எவ்வளவு பிடிப்பார்கள், உதிரிப் பழத்துக்குக் கூலி உண்டா என்று அப்பா கேட்பார். நீ கேட்க வேண்டியது: “முதல் ஆறு மாதத்தில் என் வேலையை யார் பார்வையிடுவார், எதை வைத்துப் பணியில் உறுதி செய்வீர்கள்?” இந்த இரண்டும் போதும். தமிழில் எழுதி மனத்தில் பதித்துக்கொண்டு, பிறகு மலாயிலும் ஆங்கிலத்திலும் சொல்லிப் பார்.

சட்டம் தந்திருப்பதை அங்கே போய்க் கேட்டுக்கொண்டிருக்காதே, தெரிந்துகொண்டு போ. வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வேலை என்பது 2023 முதல் சட்டம். மாதச் சம்பளம் 4,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் போகாவிட்டால் மிகை நேரத்துக்குக் கூலி உண்டு. சம்பளம் 5,000 வெள்ளி வரை என்றால் சேமநிதிக்கு முதலாளி 13 விழுக்காடு கட்ட வேண்டும், உன்னிடம் 11 விழுக்காடு பிடிப்பார்கள். இவற்றை நியமனக் கடிதத்தில் சரிபார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடு.

“இது எஸ்டேட் இல்லை” என்றாயே, அது என் மனத்தை விட்டுப் போகவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதிகாரி எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்று கேட்டார்கள். பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்றும் கேட்டார்கள். ஆங்கிலேய அரசு படையை வைத்து அடக்கியது, உயிர்களும் போயின. முதலாளியின் முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்பதை நீ இணையத்தில் தேடுகிறாய். அது உன் அப்பாவைப் போன்ற தோட்டத்து மனிதர்கள் உயிரைக் கொடுத்துச் செய்த காரியம். உன் பட்டம் அவர்கள் அன்று கேட்டதில் ஒன்று.

பெற்றவர்களுக்குப் பிள்ளை செய்ய வேண்டியது சம்பளத்தில் பாதியைக் கொடுப்பதோடு முடிந்துவிடுகிறது என்று நான் நினைக்கவில்லை. தன் வாழ்க்கையின் பெரிய முடிவுகளில் அவர்களை வெளியே நிறுத்தாமல் இருப்பதும் கடமை. நீ வெளியே நிறுத்திவிட்டாய்.

இன்று மாலை அப்பா குளித்துவிட்டு வந்து உட்காரும்போது பக்கத்தில் போய் உட்கார். தணிக்கை அலுவலகத்தில் என்ன வேலை செய்வார்கள் என்று அவருக்குச் சொல். இதுவரை சொல்லியிருக்க மாட்டாய். சொல்லிவிட்டு, “நீங்களாக இருந்தால் வேறு என்ன கேட்பீர்கள்?” என்று கேள். அவர் சொல்வதை எழுதிக்கொள். நேர்முகத் தேர்வு முடிந்ததும், முன்பு இருந்தவர் ஏன் போனார் என்பதற்கு அவர்கள் என்ன சொன்னார்கள் என்று முதலில் அவருக்குத் தொலைபேசியில் சொல். எனக்குப் பிறகு எழுதலாம்.