வாடகை வழக்கு சின்ன வேலையா?

தம்பி,

வவுனியாவில் ஏழு வருடம் சட்டத்தரணியாக இருந்துவிட்டு, இப்போது ஸ்காபரோவில் இரவு வேளையில் ஒரு வேர்ஹவுசில் பெட்டி அடுக்குவதாக எழுதியிருக்கிறீர்கள். நான் நடத்துகிற மாதிரியான, வசதி குறைந்தவர்களுக்கு இலவசச் சட்ட உதவி தருகிற லீகல் கிளினிக்கில் வேலை எப்படி இருக்கும், அதற்குள் எப்படி வருவது என்று கேட்டிருக்கிறீர்கள். "வாடகை வழக்கெல்லாம் சின்ன வேலை, வீடு விற்கிற வாங்கிற பக்கம் போ" என்று மாமா சொன்னதையும் எழுதியிருந்தீர்கள். மாமா உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறார். ஆனால் அவர் சொன்னது பிழை, அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ரொறன்ரோ நகரசபையின் மதிப்பீட்டின்படி 2021இல் இங்கே வீடில்லாமல் இருந்தவர்கள் ஏறக்குறைய 7,300 பேர். 2024 இலையுதிர் காலத்தில் அது 15,400 அளவுக்குப் போய்விட்டது. அகதிக் கோரிக்கையோடு வந்து இறங்கியவர்கள் அதில் நிறையப் பேர். மற்றவர்களில் எத்தனையோ பேருக்கு முன்பு ஒரு முகவரி இருந்தது, கையில் சாவி இருந்தது, பிள்ளைகள் நடந்து போகிற தூரத்தில் பள்ளிக்கூடம் இருந்தது. அவர்கள் அந்தக் கணக்குக்குள் போய் விழாமல் தடுப்பதுதான் எங்கள் அணியின் வேலை.

ஒரு விஷயத்தை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். ஒன்ராறியோ மாகாணத்தில் வாடகைக் கட்டுப்பாடு ஒரு வீட்டில் ஒரே ஆள் குடியிருக்கும் வரைக்கும்தான். 2026க்கு மாகாண அரசு அனுமதித்திருக்கிற உயர்வு 2.1 வீதம். அந்த ஆள் வெளியே போய்விட்டால், அடுத்து வருகிறவருக்கு வீட்டுக்காரர் எந்தத் தொகையும் போடலாம். (2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாக ஆட்கள் குடிவந்த கட்டடங்களுக்கு அந்த உச்சவரம்பு கூட இல்லை.) ஆகவே பன்னிரண்டு வருடமாக ஒரே அப்பார்ட்மென்றில் இருக்கிற குடும்பம் வெளியே போனால் கட்டடக்காரருக்கு நல்ல லாபம். அந்தக் குடும்பத்துக்கோ அதே தெருவில் அதே அளவு வீடு இனி எட்டாது. ஒரு வழக்கை நாங்கள் வென்றால் அந்தப் பழைய வாடகையும் சேர்ந்து தப்புகிறது. துப்பரவு வேலை செய்கிற ஒரு தாய்க்கு அதன் பெறுமதி என்னவென்று மாமாவிடம் கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது, எங்கள் சனத்திடம் நான் திரும்பத் திரும்பக் காண்கிற ஒன்று. கடதாசி வந்தவுடன் வீட்டை விட்டுப் போய்விடுகிறார்கள். வாடகை பாக்கிக்கு வருகிற என்4 கடதாசியோ, "எனக்கு வீடு வேண்டும், எழும்புங்கள்" என்கிற என்12 கடதாசியோ கதவில் விழுந்தால், அதையே தீர்ப்பு என்று நினைத்துவிடுகிறார்கள். வீட்டுக்காரருக்கு முன்னால் தலைகுனிந்து நிற்க விருப்பமில்லை, சொந்தக்காரருக்குத் தெரியவரும் என்ற பயம், "கோட்டு வாசல் ஏறின குடும்பமா நாங்கள்" என்ற கௌரவம். இரண்டு கிழமைக்குள் சாமான்களைக் கட்டிக்கொண்டு அக்கா வீட்டு ஹோலில் போய்ப் படுக்கிறார்கள். அக்கா வீட்டில் எத்தனை மாதம் இருக்கலாம்? அதற்குப் பிறகு மோட்டல், அதற்குப் பிறகு ஷெல்ட்டர்.

உண்மையில் அந்தக் கடதாசி முதல் படி மட்டும்தான். 2006ஆம் ஆண்டின் குடியிருப்பு வாடகைச் சட்டப்படி வீட்டுக்காரர் வாடகைத் தீர்ப்பாயத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இங்கே எல்லோரும் அதை "போர்ட்" என்றுதான் சொல்வார்கள். போர்ட் விசாரணைக்குத் திகதி கொடுக்கும், விசாரித்துக் கட்டளை போடும், அந்தக் கட்டளையை நீதிமன்ற அலுவலரான ஷெரிஃப் மட்டும்தான் நிறைவேற்றலாம். வீட்டுக்காரர் தானாகப் பூட்டை மாற்றினால் அது குற்றம். என்4 வந்தபின் அதில் போட்டிருக்கிற கெடுவுக்குள் பாக்கியைக் கட்டினால் அந்தக் கடதாசியே செல்லாது. கட்டளை வந்த பிறகும், ஷெரிஃப் வருவதற்கு முன் முழுத் தொகையையும் செலவோடு சேர்த்துக் கட்டி வீட்டைக் காப்பாற்ற வழி உண்டு. ஆனால் 2025 கடைசியில் மாகாண சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டம் இந்தக் கெடுக்களைச் சுருக்குகிற பக்கம்தான் போகிறது. அதனால் கடதாசி வந்த அன்றைக்கே ஃபோன் எடுங்கள் என்று எந்த மேடையில் ஏறினாலும் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

இனி வேலை எப்படி இருக்கும் என்ற உங்கள் கேள்வி. ஊரில் 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்தின் கீழ் மாவட்ட நீதிமன்றத்தில் வெளியேற்ற வழக்குப் பேசியிருப்பீர்கள். வருடக்கணக்கில் தவணை போய்க்கொண்டிருக்கும். இங்கே திகதி கிடைக்கத்தான் காத்திருக்க வேண்டும். 2023 மே மாதத்தில், அரச அமைப்புகள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கிற ஒன்ராறியோ ஒம்புட்ஸ்மன் இந்த போர்ட்டின் தாமதத்தைப் பற்றி அறிக்கை வெளியிட்டு 61 பரிந்துரைகள் சொன்னார். தேங்கிக் கிடந்த விண்ணப்பங்கள் அப்போது 38,000க்கு மேல். சின்ன வீட்டுக்காரர்களும் அந்தத் தாமதத்தில் அழுந்தினார்கள், அதை மறைக்கக் கூடாது. ஆனால் விசாரணை தொடங்கிவிட்டால் பாக்கி வழக்கு பல தடவை அரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். 2020க்குப் பிறகு அனேகமாக எல்லாம் சூமில். வீட்டுக்காரர் பக்கத்துப் பாரலீகல் (சட்டத்தரணி அல்லாத, வழக்குப் பேச உரிமம் பெற்றவர்) இரண்டு திரை வைத்துக்கொண்டு இருப்பார். எங்கள் கட்சிக்காரர் வேலைத்தளத்து மலசலகூடத்துக்குள் நின்றுகொண்டு ஃபோனில் கதைப்பார், டேட்டா முடிந்தால் அவரில்லாமலே கட்டளை வரும். அதனால் விசாரணை நாளில் ஒரு கதிரையும் கணினியும் அமைதியான அறையும் கொடுக்கிறோம். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத அந்த ஏற்பாடு எத்தனையோ வீடுகளைக் காப்பாற்றியிருக்கிறது.

சட்டத்தில் எங்கள் கையில் இருக்கிற பெரிய ஆயுதம் 83ஆம் பிரிவு. வீட்டுக்காரர் தன் பக்கத்தை நிரூபித்தாலும், எல்லாச் சூழ்நிலைகளையும் பார்த்து வெளியேற்றத்தை மறுக்கவோ தள்ளிப்போடவோ போர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. வேலையிடத்தில் காயம், பிள்ளையின் பரீட்சை, பெப்ரவரிக் குளிர், வாடகை பாக்கிக்குப் பண உதவி தருகிற நகரத்தின் ரென்ட் பாங்க்கில் போட்ட விண்ணப்பம், இவற்றையெல்லாம் சாட்சியோடு வைக்க வேண்டும். அழுதுகொண்டு சொன்னால் போதாது, டொக்டரின் கடிதம் வேண்டும், சம்பளச் சீட்டு வேண்டும். அதைத் திரட்டுவதுதான் உழைப்பு.

பெரிய பொறி 78ஆம் பிரிவு. பாக்கியைத் தவணையாகக் கட்டுகிறேன் என்று சமரசத்தில் கையெழுத்து வைக்கிறார்கள் அல்லவா, அதில் பெரும்பாலும் இந்தப் பிரிவையும் எழுதுவார்கள். ஒரு தவணை தவறினால் வீட்டுக்காரர் உங்களுக்கு அறிவிக்காமலே வெளியேற்றக் கட்டளை கேட்கலாம். அந்தக் கட்டளை வெளிவந்து பத்து நாளுக்குள் அதை நீக்கக் கேட்காவிட்டால் நிலைமை மிகவும் கடினம். எங்கள் ஆட்களோ மரியாதைக்காக, கட்ட முடியாத தொகைக்கு "ஓம், கட்டுறன்" என்று சொல்லிவிடுவார்கள். மாதம் 600 டொலர் கட்டுவேன் என்கிறவரோடு இருந்து, சாப்பாடு, பஸ், ஊருக்கு அனுப்புகிற காசு எல்லாம் கழித்து, உண்மையில் 180தான் முடியும் என்று கண்டுபிடிப்பது எங்கள் வேலை. ஊருக்கு அனுப்புகிற காசைப் பற்றி ஒரு வெள்ளைக்காரச் சட்டத்தரணிக்கு அவர்கள் வாய்திறக்க மாட்டார்கள். உங்களுக்குச் சொல்வார்கள்.

அணியை நடத்துவதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இந்தக் கிளினிக்குகளுக்குக் காசு தருவது மாகாணத்தின் சட்ட உதவி அமைப்பான லீகல் எய்ட் ஒன்ராறியோ, மேலே இருந்து நடத்துவது அந்தந்தப் பகுதி மக்களிலிருந்து வருகிற இயக்குநர் சபை. 1971இல் பார்க்டேலில் ஒஸ்கூட் சட்டப் பள்ளியோடு சேர்ந்து தொடங்கிய கிளினிக் பலருக்கு முன்மாதிரி. சட்டத்தரணிகள், பாரலீகல்கள், சமூக சட்டப் பணியாளர்கள், ஃபோன் எடுக்கிறவர்கள், சட்டம் படிக்கிற மாணவர்கள், இதுதான் அணி. 2019இல் மாகாண அரசு லீகல் எய்ட்டின் நிதியை 133 மில்லியன் டொலர், அதாவது 30 வீதத்தால் வெட்டியது. அந்த வருடம் நாங்கள் யாரைக் கைவிடுவது என்று உட்கார்ந்து கதைத்த கூட்டங்கள் இன்னும் மனதில் இருக்கின்றன. காசு குறைவாக இல்லாத நாளிலும் அந்தக் கேள்வி தீராது. ஒரே காலையில் ஐந்து பேர் வந்து நிற்க, இரண்டு பேரைத்தான் விசாரணைவரை கூட்டிப்போக முடியும். என் வழி இது. ஷெரிஃபின் திகதி போட்டிருப்பவர் முதலில், அதற்கு அடுத்ததாக, வீட்டை விட்டு வெளியே போனால் போக இடமே இல்லாதவர். வழக்கு வெல்லுமா என்பதை மூன்றாவதாகத்தான் பார்ப்பேன். இதோடு உடன்படாத சக இயக்குநர்கள் உண்டு, வெல்லக்கூடியதை எடுத்தால் அதிகம் பேரைக் காப்பாற்றலாம் என்பார்கள். என் மனம் அதற்கு ஒத்துவரவில்லை. மற்றவர்களை அப்படியே அனுப்புவதில்லை, ஆலோசனை கொடுத்து விசாரணை நாளில் வாடகையாளருக்கு இலவசமாக உதவும் டியூட்டி கவுன்சலிடம் சேர்ப்போம்.

வழக்கை எடுக்குமுன் செய்கிற பெயர்ச் சோதனையையும் சொல்ல வேண்டும். வாடகையாளருக்கு எதிர்ப்பக்கத்தில் நிற்கிற வீட்டுக்காரர் முந்தி எங்களிடமே ஊனக் கொடுப்பனவுக்காக வந்தவராக இருந்தால், நலன் முரண்பாடு வரும், பெரும்பாலும் அந்த வழக்கை எடுக்க முடியாது. தமிழ்ப் பெயர் ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதப்பட்டிருக்கும், அப்பாவின் பெயர் சில கடதாசியில் முன்னுக்கும் சிலதில் பின்னுக்கும் இருக்கும். கணினி கண்டுபிடிக்காது. பிறந்த திகதியையும் முகவரியையும் சேர்த்துத் தேடச் சொல்லி அணியில் எல்லோருக்கும் பழக்கியிருக்கிறேன்.

இதைவிடக் கஷ்டம் வேறொன்று. பேஸ்மென்றில் இருக்கிறவரும் தமிழர், மேல்மாடியில் இருக்கிற வீட்டுக்காரரும் தமிழர், இரண்டு பேரும் ஒரே கோயிலுக்குப் போகிறவர்கள். "எங்கட ஆளுக்கு எதிராக நிற்கிறியே" என்று கல்யாண வீட்டில் கேட்பார்கள். மோர்கேஜ் வட்டி ஏறி அந்த வீட்டுக்காரரும் நித்திரையில்லாமல் இருப்பது எனக்குத் தெரியும், அவர் மேல் இரக்கமும் உண்டு. ஆனால் வழக்கில் தோற்றால் தெருவுக்கு வருவது யார் என்பதைப் பார்த்து எந்தப் பக்கம் நிற்பது என்று தீர்மானித்துக்கொண்டேன். அப்புறம், கட்சிக்காரரின் அண்ணனே வந்து கேட்டாலும் "அவர் எங்களிடம் வந்தாரா" என்பதற்குக்கூடப் பதில் சொல்லக் கூடாது. எங்கள் ஊர்ப் பழக்கத்துக்கு இது முகத்தில் அடிக்கிற மாதிரி இருக்கும். ஆனால் அந்த இரகசியம் காக்கப்படும் என்று தெரிந்தால்தான் சனம் கடதாசி வந்த அன்றைக்கே வரும்.

உள்ளே வருகிற வழிகள். சட்டத்தரணியாக வேண்டுமென்றால் முதலில் என்சிஏ எனப்படும் தேசிய அங்கீகாரக் குழு உங்கள் படிப்பை மதிப்பிட்டு, எந்தக் கனடியப் பாடங்களில் பரீட்சை எழுத வேண்டும் என்று சொல்லும். அதன்பின் ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் இரண்டு பரீட்சைகள், ஆர்ட்டிக்ளிங் எனப்படும், ஒரு சட்டத்தரணியின் கீழ் செய்கிற பயிற்சி அல்லது அதற்கு ஈடான எட்டு மாதப் பயிற்சித் திட்டம். வேலை செய்துகொண்டு படித்தால் சில வருடம் போகும். பாரலீகல் வழி அதைவிடக் குறுகியது. 2007இலிருந்து இங்கே பாரலீகல்களுக்கும் உரிமம் உண்டு, அவர்கள் போர்ட்டில் தாங்களாகவே வழக்குப் பேசலாம், ஆனால் அதற்கு ஒரு கல்லூரிப் படிப்பு வேண்டும். நீங்கள் இரண்டாவது வழிக்காக முதலாவதைக் கைவிட வேண்டாம். இரண்டுக்கும் முன்னால் இன்னொரு வாசல் இருக்கிறது, சமூக சட்டப் பணியாளர் வேலை. உரிமம் தேவையில்லை, ஒரு சட்டத்தரணியின் மேற்பார்வையில் செய்வீர்கள். தமிழ் தெரிந்த, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்து பழகிய ஆளுக்கு அது அநியாயமாகச் சின்ன வேலை என்று தோன்றக்கூடும். எனக்குத் தெரிந்த மிகத் திறமையான வாடகைச் சட்டக்காரர்கள் சிலர் அங்கேதான் தொடங்கினார்கள். சம்பளம் வீடு விற்கிற பக்கத்தோடு ஒப்பிட முடியாது, அதை மாமாவுக்கு ஒளிக்க வேண்டாம். கிழமைக்கு ஒரு பிற்பகல் தொண்டராக வரத் தொடங்குங்கள். உங்கள் பகுதிக் கிளினிக்கிலும், தமிழிலும் சேவை தருகிற தெற்காசியர் சட்டக் கிளினிக்கான சால்கோவிலும் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருந்த ஒரு வரி என்னை யோசிக்க வைத்தது. பேஸ்மென்றில் இருக்கிறோம், குசினி வீட்டுக்காரரோடு பொது, ஆறு மாத வாடகையை முன்பணமாகக் கொடுத்தோம் என்கிறீர்கள். வீட்டுச் சொந்தக்காரரோடோ அவருடைய நெருங்கிய குடும்பத்தோடோ குசினியையோ குளியலறையையோ கட்டாயம் பகிர வேண்டியிருந்து, அவர்களும் அந்தக் கட்டடத்திலேயே குடியிருந்தால், நான் மேலே சொன்ன சட்டம் உங்களைக் காக்காது. போர்ட்டுக்குப் போக முடியாது, ஷெரிஃபும் இல்லை. குசினியும் குளியலறையும் தனியாக இருந்தால், நகரசபை அனுமதியில்லாத பேஸ்மென்றாக இருந்தாலும், வாய்ப்பேச்சு ஒப்பந்தமாக இருந்தாலும், சட்டம் உங்களோடு நிற்கும். அப்போது வைப்பாகக் கேட்கக்கூடியது கடைசி மாத வாடகை மட்டும். ஆகவே மேலே இருப்பவர் வீட்டின் சொந்தக்காரரா, அல்லது அவரும் வாடகைக்கு இருந்துகொண்டு உங்களுக்கு மறுவாடகைக்குத் தந்தவரா என்று பாருங்கள், இரண்டாவது என்றால் கதை வேறு. கொடுத்த காசுக்குப் பற்றுச்சீட்டு இருக்கிறதா, ஈ-ட்ரான்ஸ்ஃபரா கைக்காசா என்றும் எழுதுங்கள். குளிருக்கு முன் வேறு இடம் பார்க்க வேண்டியிருந்தால் சேர்ந்து பார்ப்போம்.

என்சிஏக்கான பல்கலைக்கழகப் பெறுபேறுகள் கொழும்பிலிருந்து நேரடியாக அவர்களுக்குப் போய்ச்சேர வேண்டும், உங்கள் கையால் கொடுத்தால் ஏற்க மாட்டார்கள். அங்கே அலுவலகத்தில் போய் நின்று கேட்க ஒரு ஆளை இந்தக் கிழமையே பிடியுங்கள்.