க்ரோன்ஸ் நோயில் வலியே இல்லாதபோது எம்.ஆர்.ஐ ஸ்கேன் எதற்கு?

க்ரோன்ஸ் என்பது குடலில் நீடிக்கும் அழற்சி நோய். கொலோனோஸ்கோபி (ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) நார்மல், வலியும் இல்லை, அப்புறம் ஏன் எம்.ஆர்.ஐ என்று கேட்டிருக்கிறீர்கள். "நல்லாத்தானே இருக்கே, வீண் செலவு" என்று வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். எனக்குச் சொன்னார்கள்.

நான் டாக்டர் இல்லை, பல வருட நோயாளி. அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கொலோனோஸ்கோபி குழாய் பெருங்குடலைத் தாண்டி, சிறுகுடலின் கடைசிச் சில சென்டிமீட்டரோடு நின்றுவிடும். என் நோய் இருந்ததோ அதற்கு மேலே. வயிறு அமைதியாக இருந்த சமயத்தில்தான் ஸ்கேன் எடுத்தேன். விரிந்த குடலின் சுவர் 3 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, எனக்கு 7. சுவருக்குள் நீர் கோத்திருந்தது, ஓரிடத்தில் புண்ணும் இருந்தது. வெறும் பழைய தழும்பு என்றால் இப்படி நீர் கோக்காது, அழற்சி இன்னும் ஓயவில்லை என்றார் டாக்டர். மருந்தை மாற்றினார். இதையெல்லாம் கூட்டி, குடலின் ஒவ்வொரு பகுதிக்கும் 'மாரியா' என்று ஒரு மதிப்பெண் போடுவார்கள்: 7 வந்தால் நோய் செயல்பாட்டில் இருக்கிறது, 11 வந்தால் தீவிரம்.

சில மணி நேரம் பட்டினி. பிறகு ஒரு லிட்டருக்கு மேல் மேனிட்டால் (குடலை விரிய வைக்கும் ஒரு சர்க்கரைப் பொருள்) கலந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். குமட்டும். ஆனாலும் முடிந்தவரை குடித்துவிடுங்கள்; குடல் விரியாவிட்டால் நல்ல குடல்கூடத் தடித்ததுபோலத் தெரியும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் படம் தெளிவாகத் தெரியப் போடும் சாய ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். சி.டி. ஸ்கேன் போல இதில் கதிர்வீச்சு கிடையாது. வாழ்நாள் முழுக்க ஸ்கேன் எடுக்கப்போகும் நமக்கு அது பெரிய விஷயம்.

உடனே "அப்போ கொலோனோஸ்கோபியே வேண்டாமா?" என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். மேலோட்டமான சின்னப் புண்கள் எம்.ஆர்.ஐ-யில் தப்பிவிடும், பயாப்ஸியும் (சோதனைக்குத் திசுத் துணுக்கு) எடுக்க முடியாது. இரண்டும் வேண்டும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்கிறேன். "எல்லாம் டென்ஷனால வர்றது, மனசைச் சந்தோஷமா வச்சுக்கோ" என்று படித்தவர்களே இன்னும் சொல்கிறார்கள். குடலில் புண்ணோடு வேலைக்குப் போய் வருபவரிடம் அதைச் சொல்லாதீர்கள். அவ்வளவு வலிக்கிறது அந்த வார்த்தை.

ரிப்போர்ட்டில் "லேசான தடிப்பு" என்று மட்டும் இருந்தால் விடாதீர்கள். எத்தனை மில்லிமீட்டர், எவ்வளவு நீளத்துக்கு, குடல் எங்காவது குறுகியிருக்கிறதா என்று கேளுங்கள். படங்களை டிஸ்க்கில் வாங்கி வையுங்கள், அடுத்த ஸ்கேனோடு ஒப்பிட வேண்டியிருக்கும்.