செலவு எழுதாத லிஸ்ட்டுக்கு அப்பா கையெழுத்து வேணாம்

கேள்வி: எனக்கு 27 வயசு, சாஃப்ட்வேர் வேலை, சம்பளம் 4,200 சிங்கப்பூர் வெள்ளி, சேமிப்பு 40,000. அமெரிக்காவுல மாஸ்டர்ஸ் படிக்க மாமா ரேங்கிங் பார்த்து 13 யூனிவர்சிட்டி எழுதிக் கொடுத்திருக்கார். டாக்சி ஓட்டுற அப்பாவை (வயசு 60) கேரண்டரா போட்டு லோன் எடுக்கச் சொல்றார். மாமா பையன் ஒரு ஐஎல்பி (முதலீட்டோட சேர்ந்த இன்ஷூரன்ஸ் பாலிசி) போட்டா அந்த லாபத்துல லோனைக் கட்டிடலாங்குறான். எதுக்கு அப்ளை பண்றது? — உட்லண்ட்ஸ் வாசகி

பதில்: தங்கச்சி, லிஸ்ட்டுல 13 யூனிவர்சிட்டி பேர் இருக்கு, ஒண்ணோட ஃபீஸ் கூட இல்ல. ஆஃபர் வரட்டும், காசை அப்புறம் பார்த்துக்கலாம்ங்குற இந்தப் பழக்கம்தான் ஆபத்து. பெரிய பேர் உள்ள எடம் கிடைச்சு மாமா அதை குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டார்னா, அப்புறம் வேணாம்னு சொல்ல உங்க வீட்ல யாருக்கும் வாய் வராது.

தோராயமா போடுவோம். பேர் பெற்ற தனியார் யூனிவர்சிட்டின்னா ஃபீஸ், சாப்பாடு, வாடகை எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 80,000 அமெரிக்க டாலர்னு வைங்க, ரெண்டு வருஷத்துக்கு நம்ம காசுல 2 லட்சம் வெள்ளிக்கு மேல. சேமிப்பு போக 1,60,000 லோன். 5% வட்டி, பத்து வருஷம்னா மாசம் 1,700, மொத்த வட்டியே 44,000 கிட்ட. இப்ப சிபிஎஃப் (சம்பளத்துல பிடிக்குற கட்டாயச் சேமிப்பு) போக உங்க கைக்கு வர்றது 3,360, அதுல பாதி. நீங்க கட்டலைன்னா பேங்க் 60 வயசு மனுஷன்கிட்டதான் வந்து நிக்கும். சிபிஎஃப் கல்வித் திட்டமும் உள்ளூர் படிப்புக்குத்தான், வெளிநாட்டுக்கு கிடையாது.

ஐஎல்பி வேணவே வேணாம், முதல் சில வருஷம் கட்டுற பிரீமியத்துல பெரும் பங்கு சார்ஜுக்கே போயிடும், அதுல என்ன லாபம் வந்து லோனைக் கட்டுறது?

அமெரிக்காவே கூடாதுன்னு சொல்லல. நீங்க சிங்கப்பூர் சிட்டிசன்னா அங்க வேலைக்கு ஹெச்-1பி1 விசா இருக்கு, சிங்கப்பூருக்குன்னே வருஷத்துக்கு 5,400 எடம், ஆனா அதுக்கும் முதல்ல ஒரு கம்பெனி வேலை தரணும். அதனால ஸ்காலர்ஷிப் இல்லன்னா அசிஸ்டன்ட்ஷிப் (யூனிவர்சிட்டிக்கே வேலை செஞ்சுக்கிட்டு படிக்குறது) கிடைக்க வாய்ப்புள்ள ரெண்டு மூணு மட்டும் வைங்க. ஜெர்மனியில பெரும்பாலான அரசு யூனிவர்சிட்டில ஃபீஸே இல்ல (மியூனிக் டெக்னிக்கல் யூனிவர்சிட்டி மாதிரி சிலது வெளிநாட்டுக்காரங்ககிட்ட வாங்குது), செலவுக்கு வருஷத்துக்கு 11,904 யூரோ பேங்க் கணக்குல காட்டணும், ரெண்டு வருஷத்துக்கு சுமார் 36,000 வெள்ளி, விமான டிக்கெட்டையும் சேர்த்தா இறுக்கமாத்தான் இருக்கும், ஆனா உங்க சேமிப்புலயே முடியுது பாருங்க.

ஒவ்வொரு பேருக்கு நேரா மொத்தச் செலவை எழுதுங்க, 80,000 வெள்ளியத் தாண்டுறதை ஸ்காலர்ஷிப் இல்லாம தொடாதீங்க. 13 எடத்துக்கும் அப்ளிகேஷன் ஃபீஸே 1,500 வெள்ளிக்கு மேல போகும், அஞ்சு போதும். மாமா கோவிச்சுக்கிட்டா, அப்பாவுக்குப் பதிலா அவர் கேரண்டரா கையெழுத்து போடுவாரான்னு மரியாதையா கேளுங்க.