வி.ஆர். ஹெட்செட்: எந்தக் கண்ணுக்கு எது? – கேள்வி பதில்

கேள்வி: மெட்டா நிறுவனத்தின் வி.ஆர். ஹெட்செட்டுகளான குவெஸ்ட் 3, குவெஸ்ட் 3எஸ் இரண்டிலும் ஒரே சிப்தான் என்கிறார்கள். அப்புறம் எதற்கு 3-க்குக் கூடுதல் பணம்?

பதில்: சிப் ஒன்றேதான், ஸ்னாப்டிராகன் எக்ஸ்ஆர்2 ஜென் 2. ரேமும் இரண்டிலும் 8 ஜிபி. கேம் ஓடும் வேகத்தில் பெரிய வேறுபாடு தெரியாது. நீங்கள் காசு கொடுப்பது லென்ஸுக்கு.

3எஸ்-இல் இருப்பவை ஃப்ரெனல் லென்ஸ்கள். உற்றுப் பார்த்தால் அதன் மேல் வட்ட வட்டமாக மெல்லிய வரிப்பள்ளங்கள் தெரியும். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வரும்போது அந்த வரிகளில் ஒளி சிதறி, எழுத்தைச் சுற்றிக் கீற்றுகளாக வழியும். தெளிவும் நடுப்பகுதியில்தான். கார் கேமில் ஸ்பீடாமீட்டரைப் பார்க்கத் தலையையே குனிய வேண்டியிருக்கும். குவெஸ்ட் 3-இன் பேன்கேக் லென்ஸில் கண்ணை மட்டும் கீழே இறக்கினால் போதும், ஓரம் வரை படிக்கலாம்.

திரையும் மாறுகிறது. 3எஸ்-இல் ஒரு கண்ணுக்கு 1832×1920, 3-இல் 2064×2208. கணக்குப் போட்டால் சுமார் 30 சதவீதம் கூடுதல் பிக்சல். ஆனால் இந்த எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். லென்ஸ் சுமாராக இருந்தால் எத்தனை பிக்சல் இருந்தும் வீண். பீட் சேபர் மாதிரி எதிரே வருவதை வெட்டும் ஆட்டம்தான் பெரும்பாலும் என்றால் 3எஸ் தாராளமாகப் போதும். காக்பிட்டில் (விமானி இருக்கையில்) உட்கார்ந்து ஓட்டும் ஆட்டம், நிறைய எழுத்து படிக்கும் ஆட்டம் என்றால் குவெஸ்ட் 3.

கேள்வி: ஐபிடி (கண்மணி இடைவெளி) அளவு அவ்வளவு முக்கியமா? வீட்டிலேயே அளக்க முடியுமா?

பதில்: ஹெட்செட் தேர்வில் பலரும் கடைசியாகப் பார்ப்பது இதை. முதலில் பார்க்க வேண்டியதே இதுதான். ஐபிடி என்பது இரண்டு கண்மணிகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம். லென்ஸின் மையம் அதோடு பொருந்தாவிட்டால் படம் மங்கும், அரை மணி நேரத்தில் நெற்றி வலிக்கும். ஹெட்செட்டில் குறை என்று திருப்பி அனுப்புகிறார்கள், உண்மையில் அளவுதான் பொருந்தியிருக்காது.

முகம் பார்க்கும் கண்ணாடி முன் 20 செ.மீ. தள்ளி நில்லுங்கள். மில்லிமீட்டர் ஸ்கேலைப் புருவத்தோடு ஒட்டிப் பிடியுங்கள். வலது கண்ணை மூடி, இடது கண்மணியின் நடுவுக்கு நேரே 0 வரும்படி வையுங்கள். தலையும் ஸ்கேலும் அசையாமல் இடது கண்ணை மூடி, வலது கண்ணைத் திறந்து, அதன் நடுவுக்கு நேரே உள்ள எண்ணைப் படியுங்கள். மூன்று தடவை அளந்து சராசரி எடுங்கள்.

3எஸ்-இல் 58, 63, 68 என்று மூன்றே நிலைகள். உங்களுக்கு 65.5 வந்தால் இரண்டுக்கும் நட்டநடுவில் மாட்டிக்கொள்வீர்கள். குவெஸ்ட் 3-இல் சக்கரத்தைத் திருகி 58 முதல் 71 வரை வைக்கலாம்.

கேள்வி: சோனி பிளேஸ்டேஷனுக்கான ஹெட்செட் பிஎஸ் விஆர்2-வைக் கணினியில் மாட்டலாமாமே?

பதில்: மாட்டலாம். 2024-இல் அதற்கென்று ஓர் அடாப்டர் வந்தது. கணினியில் டிஸ்ப்ளேபோர்ட் 1.4 வேண்டும். எச்டிஎம்ஐ மட்டும் உள்ள லேப்டாப்பில் ஆகாது. டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் பெட்டியில் வராது, தனியாக வாங்க வேண்டும்.

கணினியில் ஓட்டும்போது எச்டிஆர் (வெளிச்சத்தையும் இருளையும் அழுத்தமாகக் காட்டும் வசதி), கண் அசைவைப் பின்தொடரும் வசதி, டிரிகரின் இறுக்கம், ஹெட்செட்டின் அதிர்வு இவை நான்கும் கிடைக்காது. மிஞ்சுவது 2000×2040 ஓலெட் திரை. அதுவே பெரிய விஷயம்தான். இருட்டுக் குகைக் காட்சியில் எல்சிடி சாம்பல் பூசினாற்போல் காட்டும், ஓலெட் கன்னங்கரேலென்று காட்டும். லென்ஸ் மட்டும் ஃப்ரெனல், அதனால் முகத்தில் சரியான இடத்தில் உட்கார வைக்கப் பொறுமை வேண்டும்.

கன்ட்ரோலர் திடீர் திடீரென்று மிதந்து போகிறது என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் ப்ளூடூத். ப்ளூடூத் இயங்கும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில் யுஎஸ்பி 3 போர்ட்டுகள் இரைச்சல் எழுப்பும். ப்ளூடூத் டாங்கிளைக் கணினியின் பின்புறம் செருகாமல், ஒரு எக்ஸ்டென்ஷன் வயரில் மேசைக்கு மேலே கொண்டு வாருங்கள்.

கேள்வி: குவெஸ்ட் 3-இல் வயர் இல்லாமல் கணினி கேம் ஆடினால் படம் திக்கித் திக்கி வருகிறது. ரவுட்டர் புதிது, கிராஃபிக்ஸ் கார்டும் நல்லதுதான்.

பதில்: எந்த மாதிரித் திக்கல் என்று முதலில் பாருங்கள். படம் கட்டம் கட்டமாகச் சிதறினாலோ ஒரு நொடி உறைந்தாலோ வைஃபை கோளாறு. படம் சுத்தமாக இருந்து, கையை வீசும்போது மட்டும் விளிம்பு இரட்டையாகத் தெரிந்தால் கிராஃபிக்ஸ் கார்டு நேரத்துக்குள் ஃப்ரேம் கொடுக்கவில்லை. 90 ஹெர்ட்ஸுக்கு ஒரு ஃப்ரேம் 11.1 மில்லிசெகண்டில் தயாராக வேண்டும். முடியாவிட்டால் 72-க்கு இறக்குங்கள், 13.9 கிடைக்கும். தள்ளாடும் 90-ஐ விட நிலையான 72 எவ்வளவோ மேல்.

வைஃபை என்றால் பார்க்க வேண்டியவை: கணினி ரவுட்டரோடு லேன் கேபிளில் இணைந்திருக்க வேண்டும். கணினியும் வைஃபையில் இருந்தால் ஒரே காற்றில் தரவு இரண்டு தடவை பயணிக்கிறது, திக்கல் வராமல் என்ன செய்யும்? ரவுட்டரின் லேன் போர்ட் கிகாபிட்டா, 100 எம்பிபிஎஸ்தானா என்று பாருங்கள். பல மலிவு ரவுட்டர்களில் வைஃபை வேகம் பெரிதாக எழுதியிருக்கும், போர்ட் 100-இல் நின்றுவிடும். ரவுட்டர் ஆடும் அறையிலேயே இருக்கட்டும், ஹெட்செட் 5 கிகாஹெர்ட்ஸில் இருக்கட்டும், வீட்டு ஃபோன்களை 2.4-க்குத் தள்ளுங்கள். பிட்ரேட்டை (நொடிக்கு அனுப்பும் படத் தரவின் அளவை) 100 எம்பிபிஎஸ்-இல் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள்.

கேள்வி: பத்து நிமிடத்தில் குமட்டுகிறது. ஆடி ஆடிப் பழகிவிடுமா?

பதில்: பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினால் பழகாது, ஹெட்செட்டைக் கையில் எடுத்தாலே குமட்டும் நிலைதான் வரும். நெற்றி வியர்த்து முகம் சூடாகும்போதே கழற்றிவிடுங்கள். கண் நகர்கிறோம் என்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு உட்கார்ந்திருக்கிறோம் என்கிறது, கோளாறு அங்கேதான். கேமின் அமைப்பில் டெலிபோர்ட் நடையையும் (நடக்காமல் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவுவது), 30 அல்லது 45 டிகிரி வெட்டித் திரும்புதலையும் (மெல்லச் சுழலாமல் சட்டென்று திரும்புவது) தேர்ந்தெடுங்கள். விமானம், கார் ரேஸ் இரண்டும் இப்போதைக்கு வேண்டாம்.

கேள்வி: மூக்குக்கண்ணாடியோடு போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் இரண்டு லென்ஸும் உரசினால் கீறல் விழும், அதுவும் பிளாஸ்டிக்கான ஹெட்செட் லென்ஸில்தான் முதலில். உங்கள் பவருக்குச் செய்த இன்செர்ட் லென்ஸ் மாட்டுவது நல்லது. துடைக்க உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி மட்டும், ஸ்பிரிட் கூடாது.

கேள்வி: பிக்ஸ்கிரீன் பியாண்ட் என்ற ஹெட்செட் 127 கிராம்தான் என்கிறார்கள். குவெஸ்ட் 3 515 கிராம். அதையே வாங்கிவிடலாமா?

பதில்: 2023-இல் வந்த முதல் மாடலைச் சொல்கிறீர்கள். அது கணினி இல்லாமல் ஓடாது. பேஸ் ஸ்டேஷன் (ஹெட்செட் இருக்கும் இடத்தைக் கண்டறிய அறையில் வைக்கும் கருவி), கன்ட்ரோலர் எல்லாம் தனியாக வாங்க வேண்டும். முகத்தை ஸ்கேன் செய்து, முகத்தில் படும் பகுதியை உங்களுக்கென்றே செய்கிறார்கள், ஐபிடியும் நிரந்தரமாக உங்களுடையது. உட்கார்ந்து விமானம் ஓட்டும் ஒருவருக்கு அருமை. வீட்டில் நாலு பேர் மாற்றி மாற்றி ஆட நினைத்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

கேள்வி: ஹெட்செட்டை மேசைமேல் வைக்கிறோம். தூசி படியாமல் மூடி வேண்டுமா?

பதில்: தூசியை விடுங்கள், வெயிலைப் பாருங்கள். ஜன்னல் வழியே வரும் வெயில் லென்ஸில் விழுந்தால் பூதக்கண்ணாடியில் காகிதம் எரிவது போலத்தான். சில நொடிகளில் திரையில் மஞ்சள் புள்ளி விழும், அதைச் சரி செய்ய வழியே இல்லை. லென்ஸ் பக்கம் சுவரைப் பார்க்கும்படி வையுங்கள், அல்லது மேலே ஒரு துணி போடுங்கள்.