தேய்ந்த பெட்டரியில் கேட்ட தோடி

அன்புள்ள ஐயா,
பத்து வருடங்களாகக் கர்நாடக இசை கேட்கிறேன். எந்தப் புத்தகங்களைப் படிக்கலாம்? பழைய வித்துவான்களின் பதிவுகளில் இரைச்சல் இல்லாத நல்ல பதிவுகள் எவை? ஒரு பட்டியல் தாருங்கள். எந்த ஹெட்போன் வாங்கலாம் என்றும் சொல்லுங்கள்.
– பண்டாரவளையிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

ஹெட்போனைக் கடைக்காரரிடம் கேளுங்கள். புத்தகம் என்றால் உ.வே.சாமிநாதையரின் ‘சங்கீத மும்மணிகள்’. கனம் கிருஷ்ணையர், கோபாலகிருஷ்ண பாரதியார், மகா வைத்தியநாதையர் என்ற மூன்று பழைய இசை மேதைகளையும் நமக்குப் பழகினவர்கள் ஆக்கிவிடுவார். விபுலாநந்த அடிகளின் ‘யாழ் நூல்’ (1947) இப்போது வேண்டாம். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை வைத்துப் பழைய யாழின் நரம்புக் கணக்குப் போடும் நூல். அதன் பாலைத்திரிபியல் என்ற அத்தியாயத்தில் விழுந்தவன் நான், இன்னும் எழும்பவில்லை.

‘இரைச்சல் இல்லாத’ என்று எழுதினீர்களே, அதற்குத்தான் இந்தப் பதில். போன வாரம் அலுமாரியைக் கிளறியபோது பழைய கசெட் ஒன்று அகப்பட்டது. ரேடியோவில் போன, நாகஸ்வர வித்துவான் டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராக இசைத்தட்டு, மாமா கசெட்டில் பிடித்துத் தந்தது. அப்போது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்தில் கரண்ட் இல்லை. சம்பளத்துக்குச் சம்பளம் நாலு பெட்டரி. மூன்றாம் வாரம் அவை சோர்ந்துவிடும். எங்கள் தோட்டத்தில் வெயிலை நம்பி எதையும் காயவைக்க முடியாது, அம்மா அடுப்புத் திண்டில் வைப்பார். சூடேறினால் இன்னும் அரைமணி நேரம் ஓடும்.

ஓடும் என்றால் இழுத்து இழுத்து. நாடா மெதுவாகும், சுருதி இறங்கும், நாகஸ்வரம் யானை பிளிறுகிற மாதிரி வரும். தோடியின் காந்தாரம், அதாவது ‘க’ ஸ்வரம், ஓரிடத்தில் நிற்காது, ரிஷபத்துக்கும் (ரி) மத்தியமத்துக்கும் (ம) நடுவே ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டம் எங்கே கிளம்பி எங்கே திரும்புகிறது என்று எனக்குப் பிடிபட்டது செத்துக்கொண்டிருந்த அந்தப் பெட்டரிகளில்தான். பிறகு கண்டியில் ஒரு நண்பர் வீட்டில் அதையே சரியான வேகத்தில் கேட்டபோது, யாரோ அவசரக்காரர் வாசிக்கிறார் என்று நினைத்தேன்!

ராஜரத்தினம் பிள்ளை கோயில் வீதியில் மணிக்கணக்கில் விரித்த ராகம் அது. 78 வேக இசைத்தட்டில் பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடம்தான் இடம். அதற்குள் அடக்கித் தந்திருக்கிறார், உங்களுக்கு இரைச்சல் இடைஞ்சலா? பத்து வருடம் கேட்ட காது இன்னும் அதைத் தாண்டவில்லையா? கம்ப்யூட்டரில் போட்டுச் சலவை செய்த பதிவுகளையும் கேட்டேன். இரைச்சலோடு, நாகஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளியின் கரகரப்பும் போய்விட்டது. சவர்க்காரம் போட்டுக் கழுவிய மாம்பழம்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். பட்டியல்தானே? அந்தத் தோடி. ஒரு மாதம் வேறெதுவும் வேண்டாம். அப்புறம் எழுதுங்கள், இரண்டாவதைச் சொல்கிறேன்.

கசெட் இருக்கிறது, போட்டுக் கேட்கப் பெட்டி இல்லை. பண்டாரவளையில் கசெட் பெட்டி திருத்துகிறவர் யாராவது மிச்சம் இருந்தால் விலாசம் அனுப்புங்கள்.

அன்புடன்.